நடுப்பெயர்

முதற்பெயர் எஃபி, குடும்பப்பெயர் ஃப்ளெட்.
இரண்டையும் சொல்ல
மேற்பல் கீழுதட்டைக் கடிக்க வேண்டும்.
நடுவே வாய் திறக்க ஒரு பெயர் தேடினோம்.

ஜீன், கதவைத் தட்டியதுபோல் நின்றது.
மார்கரெட் நீளம்.
ரோஸ் என்றால் ஸ்ட்ராம்னெஸில் ஏற்கெனவே நாலு பேர்.

பதிவுக்கு இரண்டே நாள்.
"கோபம் வந்தால்தானே முழுப்பெயர் சொல்வோம்,
கத்திப் பார்ப்போம்" என்று
எர்லெண்ட் பின்கதவைத் திறந்தான்.
கத்தியதையெல்லாம்
காற்று கடலுக்குக் கொண்டுபோனது.

"எஃபி தோரா ஃப்ளெட்!"

வேலி தாண்டி ஓடிவந்தது
பக்கத்துப் பண்ணை நாய்,
வாலெல்லாம் சேறு.
அதன் பெயர் அன்றுதான் தெரிந்தது.

நீ விழிக்கவில்லை.
உனக்குப் பதில் ஒருத்தி வந்துவிட்டாள்.

"தோரா, குடும்பத்தில் யார்?"
படிவத்திலிருந்து நிமிர்ந்தார் பதிவாளர்.
எர்லெண்ட் என் காலை மிதித்தான்.
"அண்டைவீட்டுக்காரி" என்றேன்.