இரண்டாம் பதிப்பு

சிம்மக்கல் வாடகை நூலகத்தில்
என் நாவலை நானே எடுத்தேன்,
நாளைக்கு நாலணா.
எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கத்தான்.
அட்டைக்குப் பின்னே பதினோரு தேதிகள்.
அவற்றில் ஐந்து ஒரே ஆள்: எண் 212.

நாயக்கர் காலத்துக் கதை.
நாயகி இளவேனிலாள், பரிசல்காரன் மகள்.
கோட்டையைப் பகைவர் வளைத்த இரவில்
ஓலையைக் கொண்டையில் செருகிக்கொண்டு
வைகை வெள்ளத்தை நீந்திக் கடக்கிறாள்.
அக்கரையில் குதிரைத் தளபதி நரசன்.
"பனியில் நனைந்த தாமரையாய்க் கரையேறினாள்."
ஒரு மாலை முழுக்க இழைத்த வாக்கியம் அது.

ஓரத்தில் பென்சில்:
*கரையேறியதும் வாந்தி வரும். காது அடைக்கும்.
நிற்கவே முடியாது.*

முன்பக்கங்களைப் புரட்டினேன்.
*நேராக நீந்தினால் செத்துப்போவாள்.
மேலே நடந்துபோய் இறங்கிச் சாய்வாக வரட்டும்.*
*ஓலை கொண்டையிலா? முதல் முங்கலில் போய்விடும்.*
அப்புறம் என் கொடியிடை வர்ணனை,
பதினாறு வரி.
அதற்கு நேரே இரண்டே சொல், இரண்டு அடிக்கோடு:
*முதுகு வேண்டும்.*

நூற்றிரண்டாம் பக்கத்திலிருந்து
அவள் பெயரே மாறியிருந்தது.
இளவேனிலாளை ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டுப்
பேச்சி, பேச்சி, பேச்சி.
*பேச்சியம்மன் படித்துறையில் பரிசல் விடுகிறவன்
வேறென்ன பேர் வைப்பான்?*

கோபம் ஒரு டீக்குத் தாங்கியது.
எனக்கு நீந்தத் தெரியாது.
நான் வைகையைப் பார்த்ததெல்லாம் பாலத்தின் மேலிருந்து:
பாதி வருஷம் மணல்,
மீதி வருஷம் காயும் வேட்டிகள்.

"யாருங்க அந்த 212?"
சோணைமுத்து பேரேட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"சைக்கிள் நிக்கிறதுக்கு முன்னாடியே குதிச்சிருமே, அந்தப் பொண்ணு.
ரேஸ்கோர்ஸ்ல பிள்ளைகளுக்குத் தடை ஓட்டம் சொல்லிக்குடுக்குது.
ஒரு கால் லேசாச் சாய்க்கும்."
பெயரைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விடிகாலையில் மைதானத்துக்குப் போனேன்,
நடக்க வந்தவன்போல் கைவீசிக்கொண்டு.
மங்கலில் வரிசையாய்த் தடைக்கட்டைகள்.
ஒரு சிறுமி ஓடிவந்து தாவினாள்.
தாவியதல்ல, இறங்கியதுதான் கேட்டது:
உப்பு மூட்டையைத் திண்ணென்று இறக்கிய சத்தம்.
ஏழு நாவல், பதினெட்டுப் போர்,
எதிலும் அந்தச் சத்தம் இல்லை.
விசிலோடு ஒருத்தி, இடக்காலில் சாய்ந்து நின்று,
"மறுபடி" என்றாள்.
எனக்கும்தான் என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாம் பதிப்பில்
பேச்சி இருட்டில் அரைக்காதம் மேலே நடக்கிறாள்.
மெழுகுத்துணியில் சுருட்டிய ஓலை அடிவயிற்றில்.
ஆற்றோடு சண்டை போடாமல்
அதன் தோளில் சாய்ந்துகொண்டு வருகிறாள்.
கரையில் நாலு காலில் தவழ்ந்து
நரசனின் சரிகைச் செருப்பின்மேல் வாந்தியெடுக்கிறாள்.
அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
தலைப்பாகையை அவிழ்த்து நீட்டுகிறான்.

"நாயகி வாந்தியெடுத்தால் யார் வாங்குவார்கள்?"
பதிப்பாளர் இருநூறு பிரதி குறைத்து அடித்தார்.
ஒன்றை நானே கொண்டுபோய்
சோணைமுத்துவின் அலமாரியில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து
அட்டைக்குப் பின்னே ஒரே ஒரு தேதி.
நின்றபடியே புரட்டினேன்.
வெள்ளம் சுத்தம். மதில் சுத்தம்.
முதுகு வருகிற பக்கத்தில்
சின்னதாய் ஒரு சரி அடையாளம், அழித்த தடத்தோடு.
கடைசி அத்தியாயத்தில்தான் பென்சில்,
நரசன் அவள் முகத்தை ஏந்துகிற இடத்தில்:

*இவளுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.
அவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.*

சோணைமுத்து விளக்கை அணைத்துப்
பூட்டோடு நிற்கிறார்.
சட்டைப்பையைத் துழாவினேன்.
"இன்னும் ஒரு நாளைக்கு" என்றேன்,
நாலணாவை நீட்டி.