ஆறாவது மாடியில் கடல்

அஸ்தானாவில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
மூக்கின் முடிகூட உறைந்து குத்தியது.
மேலங்கி, அதற்குள் இன்னொன்று, கம்பளிக் காலுறை
எல்லாவற்றையும் உரித்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு
லிஃப்டில் ஏறினால்
ஆறாவது மாடியில் கடல்.

நான் குளிக்கப் போகவில்லை.
அலைக்குப் பின்சுவரில் ஏழு பம்புகள்,
மூன்றாவதில் கசிவு.
ரப்பர் சீல் மாற்ற
இரண்டு விமானம் மாறி வந்தவள்.
அலையை அதன் முதுகுப் பக்கமிருந்து பார்த்தவர்கள்
அதிகம் இருக்க மாட்டார்கள்.
வயதான எருமை இருமுவதுபோல் இருக்கும்.

மணிக்கொரு தரம் மணி அடிக்கும்.
பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வருவார்கள்.
பத்து நிமிடம் அலை.
பிறகு தண்ணீர்
வெறும் தண்ணீராகிவிடும்.

தென்னைகள் பிளாஸ்டிக். காய்கள் திருகாணியில்.
ஒன்றில் காயைக் காணோம்,
மரை மட்டும் பளபளவென்று வெளியே நீண்டிருந்தது.

விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன்.
குளோரின்.
'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்றேன்.
கைப்பேசி அதை ருஷ்ய மொழியாக்கிச் சொன்னது.
'பசிக்கிறதா?' என்று கேட்டாள் ஷோல்பான்.

ஷோல்பான் இங்கே உயிர்காப்பாளர்.
சிவப்புச் சட்டை, கழுத்தில் விசில்,
பாதத்தில் செருப்பு வார் விட்ட வெள்ளைத் தழும்பு
(பகலெல்லாம் விளக்கு வெயில்).
நிஜக் கடலைப் பார்த்திருக்கிறாயா என்று
வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள் போல.
நான் கேட்கும் முன்பே சொன்னாள்:
'ஐந்து வருடமாக இந்தக் கடலைப் பார்த்துக்கொள்கிறேன்.
ஒருவர்கூடச் சாகவில்லை.
உங்கள் கடல் எப்படி?'

நான் மூன்றாவது பம்பைப் பற்றிப் பேசினேன்.

இங்கே மணல் மட்டும் நிஜம்.
ஏதோ ஒரு தீவிலிருந்து
கப்பலில், ரயிலில், கடைசியில் லாரியில் வந்ததாம்.
இரவு பத்துக்குமேல் சலிப்பார்கள்.
சல்லடையில் நிற்பவை:
கொண்டை ஊசி, ஒற்றைத் தோடு,
பிளாஸ்திரி, ஒரு பால்பல்.
பிள்ளைகளின் ஜட்டியோடு குளியலறைக்குப் போய்
சாக்கடை வலையில் தங்கும் மணலை
மறுபடி கரையில் கொட்டக்கூடாது, சுகாதார விதி.
அது சாக்கில் போகும்.
தினம் ஒரு சாக்கை ஷோல்பான் எடுத்துக்கொள்வாள்.

'வருகிறாயா?' என்றாள்.
போனேன்.

யெசில் ஆறு கண்ணாடித் தரையாகக் கிடந்தது.
நடுவே ஓர் ஓட்டை, ஒரு முக்காலி,
முக்காலிமேல் அவள் தம்பி யெர்மெக்.
பக்கத்தில் பனிமேல் நான்கு மீன்கள்,
துள்ளிய வாக்கிலேயே விறைத்துப்போய்.
என் பூட்ஸ் முதல் அடியிலேயே வழுக்கியது.

ஷோல்பான் சாக்கைப் பிரித்தாள்.
நெல் விதைப்பவள்போல் கைவீசி
எனக்கு முன்னால் இறைத்துக்கொண்டே போனாள்.
வெள்ளைமேல் வெள்ளை,
டார்ச் அடித்தால்தான் தெரிந்தது.
'நட. வழுக்காது.'

இரண்டு முழ அகலத்துக்கு ஒரு கடற்கரை.
அதன்மேல் நடந்து
ஓட்டைவரை போய் எட்டிப் பார்த்தேன்.
தண்ணீர் கறுப்பாக இருந்தது,
யாரும் மணி அடிக்காமலே அசைந்தது.

'ஏப்ரலில் பனி உடையும்போது இந்த மணல்?'

யெர்மெக் கையுறையைக் கழற்றாமலே
பனித்தூளில் கோடு கிழித்தான்.
யெசில் இர்த்திஷில் சேரும்.
இர்த்திஷ் ஓப்பில்.
ஓப் போய் வடகடலில்.
கோடு அவன் முக்காலியில் முட்டி நின்றது.

'எத்தனை நாளாகும்?'
'மணலுக்கு என்ன அவசரம்?' என்றவன்
தூண்டில் இழுபட்டதும் என்னை மறந்துபோனான்.

ஓட்டலில் பூட்ஸைக் கவிழ்த்தேன்.
ஒரு தேக்கரண்டி இருக்கும்.
வாஷ்பேசினில் கழுவிவிட மனமில்லை,
ஊருக்கு எடுத்துப்போகவும் வெட்கம்.
காலையில் டாக்ஸியைப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி
கைப்பிடிக்கு வெளியே உதறினேன்.
டிரைவர் கண்ணாடி வழியே பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் உட்கார்ந்து
கம்பெனிக்கு அறிக்கை எழுதினேன்:
சீல் ஒன்று மாற்றப்பட்டது.
கசிவு நின்றது.