நுரைக்காத ஊர்

அஞ்சுகிராமத்தில் ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் நான்.
காயிலைக் கழற்றிப் பார்த்தால் சொல்லிவிடுவேன்
வீட்டில் எத்தனை பேர், யார் அதிக நேரம் குளிக்கிறார்கள்,
எந்த வருடம் போர்வெல்லை இன்னும் நாற்பதடி இறக்கினார்கள் என்பதுவரை.
படிந்ததில் எழுதியிருக்கும்:
வெள்ளை, அதன்மேல் பழுப்பு,
மறுபடி வெள்ளை.

லீதியாள் டீச்சர் வீட்டுக் காயில்
சிப்பி மூடிய நங்கூரம்போல வெளியே வந்தது.
"போன வருசம் மாத்தினதுதானே தம்பி, புதுசுதானே?"
புதுசுதான் டீச்சர்.
தண்ணிதான் பழசு.

இந்தத் தெருவில் பயறு வேகாது.
கஞ்சி ஆறின பிறகும் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்
ஏழு, எட்டு,
ஒன்பதாவது விசிலில் சிலிண்டர் விலை ஞாபகம் வந்து அணைப்பார்கள்.
சோப்பு கரையும், நுரைக்காது,
திரிந்த பால்போல வாளியில் மிதக்கும்.
ஜூனில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள்
ஓணப் பரீட்சைக்குள் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவார்கள்,
கான்வென்ட் என்றும் கவர்மென்ட் என்றும் இல்லை
எல்லாருக்கும் சாம்பல்.
கட்டன்சாயாவின் மேல் ஒரு தோல் மிதக்கும்.
ஊதினால் சுருங்காது,
கண்ணாடிபோல உடையும்.

எனக்கும் ஒன்று இருக்கிறது,
இடப்பக்கம், ஆறு மில்லிமீட்டர்.
தண்ணியால்தான் என்கிறாள் வயலட்.
டாக்டர் அப்படிச் சொல்லவில்லை,
நிறையத் தண்ணி குடி என்கிறார்.

டீச்சரின் மருமகள் திற்பரப்புப் பக்கம்.
ரப்பர்க்காட்டு மழையில் வளர்ந்த முடி.
வந்து எட்டு மாதம் ஆகிறது.
குளியலறைச் சல்லடையில் சேர்ந்ததை உருட்டி
ஜன்னல் கம்பியில் வைத்திருந்தாள்,
கோர்ட்டில் காட்ட வேண்டிய பொருள்போல.
"எல்லாம் ஒங்க வெள்ளம்தான் அத்தே."
"எங்க தண்ணிக்கு என்ன கொறை?"
வெள்ளத்துக்கும் தண்ணிக்கும் நடுவில்
ஸ்பானரோடு நான்.

அன்றைக்கு அவள்தான் கேட்டாள்.
அடுக்களைக் குழாயில் நூல்மாதிரி வருதே,
அதையும் ஒண்ணு கழுவி விடப்பிடாதா?
பழைய இரும்புக் குழாய்,
டீச்சரின் வீட்டுக்காரர் இருக்கும்போது சுவருக்குள் போட்டது.
டேங்க் காலியான நேரம் பார்த்து
ஆசிட் ஊற்றினேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளே ஒரு முணுமுணுப்பு,
குழாய் வாயிலிருந்து பொங்கிப் பொங்கி
வெள்ளை வெள்ளையாக
சிங்க் நிறைய.
"எம்மா, இந்த ஊர்ல நான் பாக்கிற முதல் நுரை!" என்றாள்.
டீச்சரும் சிரித்துவிட்டார்,
சிரித்ததை மறைக்க முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

வடித்து, அலசி, மோட்டாரைப் போட்டு டேங்க் நிறைத்தோம்.
மணிக்கட்டுத் தடிமனில் வந்தது தண்ணீர்.
மருமகள் இரண்டு கையையும் நீட்டினாள்.
ஒரு நிமிடம் இருக்கும்.

சுவருக்குள் ஏதோ சீறியது.
சர்ச் காலண்டருக்குப் பின்னால்
கறுப்பாக ஓர் ஈரம் இறங்கியது.
கொத்திப் பார்த்தால்
வளைவில் மூன்று ஊசி ஓட்டை, அப்புறம் நான்காவது.
இரும்பு என்றைக்கோ போயிருக்கிறது.
இத்தனை நாளும் குழாயாக இருந்தது
கல்.

எம்சீல் பிசைந்து அப்பினேன், வழுக்கி விழுந்தது.
மருமகள் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.
பக்கத்து ஓட்டையில் டீச்சர் விரல்.
மற்ற இரண்டும் என் சட்டையில் பீய்ச்ச
மொட்டைமாடிக்கு ஓடினேன், டேங்க் வால்வை அடைக்க.

திரும்பவில்லை.
ஸ்பானர் போட்டும் திரும்பவில்லை.
அதற்குள்ளும் அதுதான்.

ஆயிரம் லிட்டர்.
நாலு ஓட்டை, அதில் இரண்டுக்கு விரல்.
காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று
வெயிலில் குந்தியிருந்து கணக்குப் போடும்போது
இடப்பக்கம் மெல்லக்
குத்தியது.