புரட்டிப் பார்த்தல்

இருபத்தாறு வருடம் ஆலை வாசலில் நின்றவன் நான்.
லோரி கொட்டும் செம்பனைக் குலைகளைக்
கொக்கியால் புரட்டி
பழம், காய், அழுகல் என்று பிரிக்கிற வேலை.
மேலே எல்லாக் குலையும் சிவப்புதான்.
அடியைப் பார்க்காதவன் கிரேடர் இல்லை.

இன்று லாபிஸில், டயர் கடைக்குப் பின்வரிசையில்,
இரண்டு வீட்டின் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிய
பராமரிப்பு இல்லத்தின் முன் நிற்கிறேன்.
மாதம் இரண்டாயிரத்து நூறு ரிங்கிட்.
பம்பர்ஸ் தனிக் கணக்கு.
"மறுவாழ்வு மையமும்தான்" என்கிறார் மேடம் கோ.
அந்தச் சொல்லுக்குச் சாட்சி
நகராத ஒரு சைக்கிள்,
நடை பழக இரண்டு நீளக் கம்பிகள்.
கம்பிகளில் சாரோங் காய்கிறது.

நான் எதுவும் சொல்லவில்லை.
பொம்பா சான்றிதழ் சுவரில், தேதி சரி.
பின்கதவு திறக்கிறது,
ஓர் அரிசி மூட்டை பாதி வழியை மறிக்கிறது.
பிறகு மூக்கை நம்பினேன்.
டெட்டால்.
டெட்டாலுக்கு அடியில் மூத்திரம்.
அதற்கும் அடியில் யாரோ வெங்காயம் தாளிக்கும் வாசம்.
மூன்றாவதற்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

ஏழாம் கட்டிலில் அழைப்பு மணிக் கயிற்றைச்
சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள்.
"சும்மா சும்மா இழுக்கிறார்."
ஏழாம் கட்டில்காரர் டிராக்டர் ஓட்டிய வேலப்பன்.
என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.
வாதமா, வம்பா, தெரியவில்லை.

சுவரில் புரட்டும் அட்டவணை:
இரண்டு மணிக்கொருமுறை இடம், வலம், மல்லாக்க.
மணி மூன்று பத்து.
நாலுக்கும் ஆறுக்கும்
டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

கோபம் வந்தது.
கூடவே ஒரு மழைநாளும் வந்தது.
பதினோரு லோரி வரிசையில் நிற்க,
நான் கூரைக்கடியில் கோப்பியோடு,
கொக்கி நனையாமலே பதினொன்றுக்கும்
"பழம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்" என்று எழுதினேன்.
ஒரு மழைநாள் என்றா சொன்னேன்?

போர்வையை விலக்கலாமா என்று கேட்டேன்.
ஜம்பியிலிருந்து வந்த யூலியானி
எனக்குப் பதில் சொல்லவில்லை, வேலப்பனிடம் கேட்டாள்:
"ஐயா, திரும்பலாமா?"
கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.
தலையசைவு வந்து சேர நெடுநேரம் ஆனது.
குதிகால் சுத்தம். முதுகடியில் ஒரு சிவப்பு,
இருபது சென் காசளவு.
விரலால் அழுத்தினாள், வெளுத்தது.
விட்டாள், சிவப்பு திரும்பி வந்தது.
"இன்னும் புண் இல்லை" என்றாள்,
என்னைவிட நல்ல கிரேடர்.

இரவு ஒன்பதே முக்காலுக்குச்
சொல்லாமல் மறுபடி போனேன்.
ஆலைப் புகை ரோட்டுவரை இறங்கியிருந்தது.
இரவுக்கு இரண்டு பேர் என்றிருந்தார் மேடம் கோ.
சன்னலில் தெரிந்தது ஒருத்திதான்,
பத்தொன்பது கட்டிலுக்கு.
ஒரு முதுகுக்குத் தலையணை செருகிவிட்டு
அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.
யாரும் பார்க்காத நேரத்து வேலை அது.
கயிறு இன்னும் ஆணியில்.

பக்கவாதத்துக்குப் பிறகு
லீலாமணிக்கு மிச்சம் ஒரே சொல்: "போதும்."
சோற்றுக்குப் போதும், விசிறிக்குப் போதும்,
நான் அறைக்குள் நுழைந்தாலும் போதும்.
எல்லாம் சொன்னேன். கயிறு, டிக், யூலியானி.
போன வாரம் குளியலறையில்
இருவரும் சேர்ந்து விழுந்ததை
அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
"போதும்" என்றாள்.
இந்தச் சொல்லைப் புரட்ட
என்னிடம் கொக்கி இல்லை.

திங்கட்கிழமை சேர்க்கை.
நைட்டிகளில் பெயர் இருக்க வேண்டுமாம்,
இல்லையென்றால் சலவையில் மாறிவிடுமாம்.
ஊசிக்கு நூல் கோக்க எனக்கு வரவில்லை.
குலைத்தண்டில் குறி போடும் சிவப்பு மைப்பேனா
அலமாரியில் இன்னும் உலராமல் இருந்தது.
ஒன்பது நைட்டியின் கழுத்துப்பட்டியிலும்
உள்பக்கமாக எழுதினேன்.

பிறகு கடைக்குப் போய்
நைலான் கயிறு இரண்டு மீட்டர் வாங்கினேன்.
அவளுக்கு அசைவது இடக்கை மட்டும்.
அது எட்டும் தூரத்தைக்
காலையிலேயே அளந்துவிட்டேன்.