குறுக்குத்தெருக்கள்

மொடல் ஒரு ஃபோல்டரில்,
வியூ இன்னொன்றில்,
கொன்ட்ரோலர் மூன்றாவதில்.
கல்யாண மண்டபம் பதிவுசெய்யும் தளம்.
ஏழு வருசமாய் நாலு பேர் எழுதியது,
அவர்களில் இருவர் இப்போது மெல்பேர்னில்.

திங்கள் காலை வந்த வேலை சின்னது:
'சைவச் சாப்பாடு எத்தனை பேருக்கு?'
ஒரேயொரு கட்டம்.
அதற்கு நான் பதினொரு கோப்புகளைத் திறந்தேன்.
பந்திக்கட்டணம் கொன்ட்ரோலரில் இருந்தது,
நாலாயிரத்து இருநூறாம் வரியில்.
அங்கே அது இருக்கக்கூடாது.
யாரோ அவசரத்தில் இறக்கிவிட்டுப் போன மூட்டை,
பிறகு வந்தவர்கள் அதன்மேல்
தங்கள் மூட்டையை வைத்தார்கள்.

"அதுதானே ஒழுங்கு" என்றான் ருவந்த,
"ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம்."
தெமட்டகொடையில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே,
ரயில் ஒன்று தன்பாட்டில் போனது.

எனக்குப் புறக்கோட்டை ஞாபகம் வந்தது.
பொன்னுக்குச் செட்டியார் தெரு.
துணிக்கு இரண்டாம் குறுக்குத்தெரு.
கடதாசிக்கு மலிபன் வீதி.
மஞ்சளும் மல்லியும் மூட்டையாய் நாலாம் குறுக்கில்.
தெருக்களுக்கு அது வசதி.
சரக்கு இறக்குகிற நாட்டாமைக்கும் வசதி.
மாசியில், அக்காவின் கல்யாணத்துக்கு
அத்தனை தெருவும் நடந்தது நானும் அவளும்தான்.
கல்யாணம் என்று ஒரு தெரு இல்லை.
அது இருந்த ஒரே இடம்
அவள் கைப்பையில் நாற்பது பக்கக் கொப்பி,
வேர்வையில் மை கசிந்தது.

சித்திரைக்குப் பிறகு அது நின்றுபோனது.
காரணத்தை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது.
நிறுத்துவதற்கு மறுபடி அதே தெருக்கள்.
செட்டியார் தெரு சேதாரம் கழித்தது.
துணிக்கடை பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது.
முந்நூறு அழைப்பிதழ்கள் பெட்டிக்குள் மின்னின,
பொன்னெழுத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை,
மொடல் செத்தபிறகும் அணையாத வியூ.
ஒவ்வொரு தெருவுக்கும் தன் சாமானைத் தெரிந்திருந்தது.
நடந்தது என்னவென்று ஒன்றுக்கும் தெரியாது.
நூறாம் நம்பர் பஸ்ஸில் திரும்பும்போது
அக்கா ஒரு மீன் ரோல்ஸ் தின்றாள்,
மிளகாய் காணாது என்றாள்.

செவ்வாய் இரவு, எல்லாரும் போனபின்,
ஃபோல்டர்களைக் கலைத்தேன்.
'பதிவு' என்று ஒன்று.
அதற்குள் பதிவின் கணக்கு, பதிவின் முகம்,
ஓம் என்றும் இல்லை என்றும் அது சொல்கிற இடம்,
சண்டைபிடித்தாலும் ஒரே கூரையின் கீழ்.
கொன்ட்ரோலரை வாசலில் நிறுத்தினேன்:
வந்தது யாரென்று கேள், உள்ளே அனுப்பு,
பந்திக்கட்டணம் உன் வேலை இல்லை.

எல்லாவற்றையும் சேர்க்கவும் முடியவில்லை.
தராசு பொதுவாகத்தான் இருக்கவேண்டும்,
கடைக்கொரு தராசு என்றால்
எந்தக் கடையின் கிராமை நம்புவது?
காசையும் திகதியையும் பழைய இடத்திலேயே விட்டேன்.
சரியா என்று இன்னும் தெரியாது.

பிறகு, யாரும் கேட்காத ஒன்றை எழுதினேன்:
ரத்து.
பழைய தளத்தில் அது ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும்.
அழுத்தினால் திரை மன்னிப்புக் கேட்கும்.
சமையற்காரருக்குத் தகவல் போகாது,
பூக்காரர் விடிய நாலு மணிக்கு வந்து நிற்பார்.
இப்போது பதிவுக்குத் தன்னைக் கலைக்கத் தெரியும்:
யார் யாருக்குச் சொல்வது,
எவ்வளவு திருப்பிக் கொடுப்பது,
எதைக் கேட்காமல் விடுவது.
'காரணம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை ருவந்த பார்த்தான்.
"காரணம் கட்டாயமில்லையா?"
இல்லை என்றேன்.
கொஞ்சநேரம் திரையை மேலும் கீழும் உருட்டினான்.
"அதுசரி, அந்தச் சைவச் சாப்பாட்டுக் கட்டம் எங்கே?"

மறந்துபோயிருந்தேன்.