நூற்றுப் பன்னிரண்டாம் தாள்

பாசையூர் ஐஸ் பக்டரியின்
பழைய கணக்குத் தாள்களின் பின்புறத்தில்
நாவல் எழுதுகிறவர் மடுத்தீன்.
முன்புறத்தில் பாரை இருபது கிலோ, விளைமீன் எட்டு,
கடன் சொல்லிப் போனவர்களின் பெயர்கள்.
பின்புறத்தில்
அதே ஆட்கள், வேறு பெயர்களில்.

ஒவ்வொரு தாளின் நெற்றியிலும்
ஒரு சின்னச் சிலுவை, கீழே சே.ம.சூ.
கடிதமோ கணக்கோ
சேசு மரி சூசை என்று தொடங்காமல்
அவருக்குக் கை ஓடாதாம்.
ஸ்ரான்லி வீதிக் கடையில்
தட்டச்சிடும்போது அதை நான் விட்டுவிடுவேன்.
திருநீறு பூசுகிறவள் என்பதால் அல்ல.
தாளுக்கு நாற்பது ரூபாய்,
சிலுவையை அச்சில் ஒருவரும் கேட்பதில்லை.

மூன்று நாவல் அடித்துக் கொடுத்த பிறகுதான்
ஒன்று பிடிபட்டது:
அவர் கதையில் ஒருவரும் தனியே சாவதில்லை.
ஷெல் விழுந்த பங்கருக்குள்ளும்
முன்பின் தெரியாத ஒருத்தி தவழ்ந்து வந்து
காதுக்குள் செபம் சொல்லுவாள்.
தூக்குப்போட்ட வாத்தியாருக்குக்கூட
கயிறறுக்க ஓடிவந்த பால்காரன்
மூச்சு அடங்கும்வரை கையைப் பிடித்திருந்தான்.
உண்மையில் இப்படியா நடக்கும் என்று
நான் கேட்கவில்லை.
அவருடைய மகன் யூட்டைச்
சுற்றிவளைப்பில் கொண்டுபோனது தொண்ணூற்றாறில்.
எங்கே, என்றைக்கு, பக்கத்தில் ஆர்,
ஒரு துண்டுக் கடதாசி வரவில்லை.

நாலாவது நாவலில் தலையாட்டி வந்தான்.
சாக்கில் இரண்டு ஓட்டை, உள்ளே இரண்டு கண்.
பெடியள் வரிசையாய்ப் போக
ஐந்து தரம் அசைந்த தலை.
நூற்றுப் பன்னிரண்டாம் தாளில்
வள்ளம் கவிழ்ந்து
மண்டைதீவுக் கடலில் தாழ்கிறான்.
சுற்றவர ஒரு விளக்கும் இல்லை.
பேனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.
தாளின் நெற்றி வெறுமை.

தபசுகாலத்து வெள்ளி ஒன்றில்
சைக்கிளைவிட்டு இறங்காமலே கேட்டார்:
"பிள்ளை, அந்தத் தாளை அடிச்சுப்போட்டீரோ?"
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவராம்.
கதையில் கொல்வது பாவமில்லை என்று
சுவாமி சிரித்தாராம்.
"அவர், நான் கதையைச் சொல்லுறன் எண்டு
நினைச்சிட்டார்."

புதுத் தாளில் சிலுவை இருந்தது.
கடலும் அதே கடல், வள்ளமும் கவிழ்கிறது.
ஆனால் வலை இழுக்க வந்த ஒரு தகப்பன்
ஆரென்று கண்டுகொண்டு
அசைந்த அதே தலையை
மயிரில் பிடித்து நீருக்கு மேலே வைத்திருக்கிறான்,
காதுக்குள் மூன்று பெயரும் சொல்லி முடிக்கும்வரை.
பிறகு கை விடுகிறது.
சோர்ந்தா, தானாகவா,
எழுதவில்லை.

"வள்ளத்தில ஏத்தியிருக்கலாமே, ஐயா?"
உப்புப் படிந்த கண்ணாடியைச்
சட்டை நுனியால் துடைத்தார்.
"எனக்கு அவ்வளவு வராது, பிள்ளை."

மன்னிப்பின் நாவல் என்று பத்திரிகை எழுதியது.
அதை வெட்டிக் கொண்டுவந்து
என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

பழைய தாள் என் லாச்சியில் இருக்கிறது,
காசு வாங்காத ஒரே தாள்.
எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான்.
கரண்ட் நின்ற இரவுகளில்
ரோர்ச் பிடித்து வாசிப்பேன்:
விளக்கில்லாக் கடலில்
அவன் இன்னும் தனியாகத்தான் தாழ்கிறான்.
வாசித்து முடித்துத் திருப்பினால்
பாரை இருபது கிலோ,
விளைமீன் எட்டு,
கொடுபடாத கடன்.