அரைப்பேர்

அன்றைக்கு யோகமலருக்குப் பத்தரைக் கிலோ.
முழுப்பேருக்குப் பதினெட்டு.
தராசு முள்ளைப் பார்த்தபடியே
அரைப்பேர் என்று எழுதினேன்.
ஏன் குறைவு என்று கேட்கிற வழக்கமில்லை.
அவளாகத்தான் சொன்னாள்,
படங்கில் கையைத் துடைத்துக்கொண்டு:

"தொங்கல்ல கரடி நின்னுச்சி."

கொழுந்து மடுவமே சிரித்தது.
நல்லாத்தான் கரடி விடுறா என்றான் விஜேந்திரன்,
சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.
"சிறுத்தையா இருக்கும் புள்ள."
"சிறுத்தைக்கு நீட்டு வாலு."
"அப்ப பன்னி."
"பன்னி எந்திரிச்சி நிக்குமா?"
நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்:
இங்க வெள்ளையா,
சவுக்கார நுரை காஞ்சி ஒட்டினாப்பல.
இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
அடுத்த சாக்கு தராசில் ஏறிவிட்டது.

மடுல்சீமையில் எங்களுக்கு எல்லாம் தெரியும்:
எந்த லயத்து நாயைச் சிறுத்தை தூக்கும்,
எந்த மரத்துக் குளவி எப்போது கலையும்,
மழை எந்த மலையை முதலில் மூடும்.
கரடி கீழ்நாட்டுச் சங்கதி.
வெயிலும் பாலைப்பழமும் உள்ள ஊர்க்காரன்.

வனவிலங்கு ஒபிசிலிருந்து ரத்னாயக்க வந்தார்.
அவர் படிவத்தில் சிறுத்தைக்கு ஒரு கட்டம்,
பன்றிக்கு, பாம்புக்கு, குரங்குக்கு,
இந்தப் பக்கம் வராத யானைக்குக்கூட ஒரு கட்டம்.
"வலஹா இவ்வளவு குளிருக்கு ஏற மாட்டான்" என்றவர்
பிளேன்டீயைக் குடித்து முடித்து
'வேறு' என்ற கோட்டில்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு இறங்கினார்.

அது நின்றதாக அவள் சொன்ன இடம்
துரையின் வரைபடத்தில் பதினொன்றாம் நம்பர்.
ஆள் போடாமல் விட்டு ஒன்பது வருசம்.
கவ்வாத்துக் காணாத தேயிலை மரமாகிப் பூத்துக் கிடக்கிறது,
மானாப்புல் ஆளை மறைக்கிறது,
கொய்யா தானே முளைத்து
தானே பழுத்து விழுகிறது.
எங்கள் வாயில் அதற்குக்
கரடிப்பள்ளம் என்று பேர்.
"கரடிப்பள்ளத்து ஓரம் ஆறு ஆள்" என்று
பெரட்டில் நானே எத்தனை காலை கத்தியிருக்கிறேன்.
ஒருநாளாவது அந்தச் சொல்
மயிர் சிலிர்த்து
என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்றாம் கிழமை
எல்லைக் கல் தேடி அங்கே இறங்கினேன்.
நாலரை மணி. பனி படிய ஆரம்பித்திருந்தது.
முதலில் சத்தம்தான்:
லொறி டயரின் காற்றை யாரோ திறந்துவிட்டாற்போல்,
பிறகு அதே காற்றைத்
திரும்ப உள்ளே இழுப்பதுபோல்.

ஆடியில் பால் ஊற்றி, முட்டை வைத்து,
மஞ்சள் துணி சுற்றி வைத்த புற்று.
அதில் பாதியைப் பெயர்த்துப்போட்டு
மிச்சத்துக்குள் முகத்தை நுழைத்துக்
கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது.
துணி ஒரு நகத்தில் மாட்டிக்கொண்டது.
உதறிவிட்டு மறுபடி குனிந்தது.
பூசை நேரத்தில் கரடி என்பார்கள்.
இங்கே இடையில் புகுந்தவன் நான்.

அதன் முதுகு அசைந்தது.
அப்புறம்தான் தெரிந்தது, முதுகு இல்லை:
அடர்ந்த கறுப்பு மயிரைப் பற்றிக்கொண்டு
இரண்டு குட்டிகள்,
கூடை நிறைந்த பாரம்போல்.

எப்படிப் பின்னாலேயே நடந்து
ரோட்டுக்கு ஏறினேன் என்று தெரியாது.
ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரவு அவள் லயத்து வாசலில் நின்று சொன்னேன்:
"நானும் பாத்தேன்."
அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே கேட்டாள்:
"முதுகில என்ன?"
"ரெண்டு குட்டி."
அப்போதுதான் திரும்பினாள்.
என்னைத் தராசில் மாட்டிவிட்டு
முள் நிற்கும்வரை பார்த்தாள்.

"நீ குட்டியப் பத்திச் சொல்லவே இல்லையே?"
"சொல்ல விட்டீங்களா?"

பச்சை விறகு. கண்ணெல்லாம் புகை.
"சரி, அந்த அரைப்பேரு?"

மாதம் முடிந்து சம்பளமும் கொடுத்தாயிற்று.
அந்தப் பக்கத்தில் துரையின் கையெழுத்து விழுந்துவிட்டது.
இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் மாவு பிசையத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் பெரட்டில்
"கரடிப்பள்ளத்து ஓரம், ஆறு ஆள்" என்றேன்,
கொஞ்சம் மெதுவாக.
பின்வரிசையில் விஜேந்திரன்
"சத்தமா சொல்லுங்க ஐயா" என்றான்.